காலியாக விடக்கூடாத கட்டம்

தங்கராஜு: டூரிஸ்ட்.

சீனி முகம்மது: யாரு?

தங்கராஜு: நீங்கதான் பாய். என்ன காரியமா இந்தியாவுக்குப் போறீங்கன்னு விசா ஃபாரத்துல கேக்குது. டூரிஸ்ட்டுன்னு போட்டுட்டேன்.

சீனி முகம்மது: நானா? தோப்புத்துறையில பொறந்தவன் லா நான்! இங்க கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பாக்க வர்றான் பாருங்க, கழுத்துல கேமராவ மாட்டிக்கிட்டு... அவன் டூரிஸ்ட்.

தங்கராஜு: மலேசியப் பிரஜையாகி நீலக் கார்டு கெடைச்ச அன்னைக்குக் கடைக்கு வந்தவங்களுக்கெல்லாம் பிரியாணி போட்டீங்களே, ஞாபகம் இருக்கா? அன்னையிலேர்ந்து நீங்க அந்த ஊருக்கு டூரிஸ்ட்.

மரியம்: நல்லா சொல்லுங்க தம்பி. அந்தக் கார்டுக்காகச் செருப்புத் தேய அலைஞ்ச மனுசன்.

சீனி முகம்மது: மரியம், நீ உள்ள போயி மீனைப் பாரு.

மரியம்: பொரிச்சு எடுத்தாச்சு.

சீனி முகம்மது: அப்ப கோழியப் பாரு.

மரியம்: அது எங்கயும் ஓடாது மச்சான். வெட்டியாச்சு.

சீனி முகம்மது: ஒம்பது வருஷத்துக்கு முந்தி போனப்ப, விசாவாவது ஒண்ணாவது... கப்பல் ஏறினேன், எறங்கினேன்.

தங்கராஜு: அந்தக் கப்பலே நின்னு போச்சு பாய். இப்ப பிளேன், விசா, போட்டோ. நிக்காஹ் என்னைக்குன்னு சொன்னீங்க?

சீனி முகம்மது: வர்ற மாசம் ஆறாந்தேதி. இன்னும் இருபத்திமூணு நாள். கெடைச்சிருமா கிராணி?

தங்கராஜு: நாளைக்கு எஸ்டேட் ஆபீஸ் கணக்கு வேலையா கோலாலம்பூர் போறேன். கையோட இந்தியத் தூதரகத்துல குடுத்துடறேன். எல்லாம் சரியா இருந்தா பத்து நாள். ஒரு கட்டம் காலியா இருந்தாலும் திருப்பிக் குடுத்துருவான், மறுபடி மொதல்லேர்ந்து, ஒரு மாசம் ஆயிரும்.

சீனி முகம்மது: அதுக்குள்ள நிக்காஹ் முடிஞ்சிரும்.

தங்கராஜு: அதான் ரெண்டு ஃபாரமா வாங்கிட்டு வந்தேன்.

சீனி முகம்மது: ரெண்டு எதுக்கு?

தங்கராஜு: ஒண்ணு... கெட்டுப்போச்சுன்னா.

மரியம்: தம்பிக்கு முன்யோசனை ஜாஸ்தி. தேத்தண்ணி ஆறுது, குடிங்க.

தங்கராஜு: போட்டோ குடுங்க பாய்... அட, நல்லா விழுந்திருக்கே! ரவாங்லதானே எடுத்தீங்க? அந்தக் கடையில எடுத்தா எல்லாருக்கும் நல்லாத்தான் விழுது. மரியம் அக்காவுக்குக்கூட...

மரியம்: தம்பி! தேயில சீனி போதுமா?

தங்கராஜு: ஆ... போதும்க்கா. உங்க கடையில ஒரு சீனியே போதும்.

சீனி முகம்மது: மரியத்துக்குக்கூட என்ன?

மரியம்: ரவாங்ல எனக்குக்கூட ஒரு தடவ மயக்கம் வந்துச்சு, அதச் சொல்றாரு. பல்லு டாக்டர்ட்ட போன அன்னைக்கு.

சீனி முகம்மது: பல்லு டாக்டர் கோலாலம்பூர்லன்னு சொன்ன.

மரியம்: ரவாங் வழியாத்தானே போகணும்? பறந்தா போவாங்க?

சீனி முகம்மது: மூணு தடவ போயிட்டு வந்தா கிராணி. ஒரு பல்லும் புடுங்கல. முப்பத்திரண்டும் அப்படியே இருக்கு.

மரியம்: புடுங்கற வலி இல்ல மச்சான். கொடைஞ்சுக்கிட்டே இருக்கிற வலி.

தங்கராஜு: வாங்க வாங்க, எழுதுவோம். உங்க வாப்பா பேரு?

சீனி முகம்மது: ஹபீபுல்லா.

தங்கராஜு: தொழிலு... சாப்பாட்டுக்கடை, பத்தாங் பெர்ஜுந்தாய். சரி. பொஞ்சாதி பேரு?

சீனி முகம்மது: பொஞ்சாதி பேரு... பொஞ்சாதி பேரு...

தங்கராஜு: பாய்?

மரியம்: பேரு மறந்துருச்சா மச்சான்? நான் வேணா வெளியில போயி யாரையாவது கேட்டுட்டு வரட்டா?

சீனி முகம்மது: இல்ல... ஒரு கோடுதான் போட்டிருக்கானா?

தங்கராஜு: மரியம்னு எழுத ஒரு கோடு பத்தாதா?

சீனி முகம்மது: பத்தும், பத்தும். எழுதுங்க.

தங்கராஜு: பிள்ளைங்க?

சீனி முகம்மது: ரெண்டு.

மரியம்: எத்தன?

சீனி முகம்மது: ரெண்டு பசங்கதானே புள்ள... நீதானே பெத்த?

மரியம்: நான் பெத்தது ரெண்டுதான். உங்க சத்தம் உள்ள போயிருச்சு, அதான் கேட்டேன்.

தங்கராஜு: இந்தியாவுல யாரு வீட்டுல தங்குவீங்க?

சீனி முகம்மது: ஆமினா வீட்டுல. ஆமினா பீவி.

தங்கராஜு: அவங்க உங்களுக்கு என்ன உறவு?

சீனி முகம்மது: தங்கச்சி.

தங்கராஜு: கூடப் பொறந்தவங்களா?

சீனி முகம்மது: ம்.

தங்கராஜு: அந்த வீட்டு விலாசத்துக்கு அத்தாட்சியா பள்ளிவாசல்லேர்ந்து அனுப்பின கடுதாசி எங்க? அதையும் சேத்து வைக்கணும்... இந்தா. 'ஆமினா பீவி, நாகூர் மீரான் மகள்.' நாகூர் மீரானா? இப்பத்தானே ஹபீபுல்லான்னு எழுதினேன். ஒரு தங்கச்சிக்கு ஒரு வாப்பா, உங்களுக்கு ஒரு வாப்பாவா?

சீனி முகம்மது: அது... நாகூர் மீரான் என் தாய்மாமா. ஆமினா மாமா மவ. தங்கச்சி மாதிரி.

மரியம்: மாமா மவ எந்த ஊர்ல மச்சான் தங்கச்சி? கட்டிக்கிற முறைப் பொண்ணுல்ல அது?

சீனி முகம்மது: அடுப்புல என்னமோ கருகுது.

மரியம்: எனக்கு ஒண்ணும் மணக்கல.

தங்கராஜு: சரி, நிக்காஹ் அவங்களுக்கா?

சீனி முகம்மது: அவ மவளுக்கு. ஜெய்புன்னிசா. பத்தொம்பது வயசு ஆகுது. போன தடவ பாத்தப்ப இம்புட்டுத்தான் இருந்துச்சு, என் நெஞ்சு ஒயரம். என் சட்டைப்பையில கைய விட்டு மிட்டாய் தேடும்...

தங்கராஜு: மாமா மவளோட மவ. அதுக்கா இவ்ளோ பதட்டம்? விசா கெடைக்கலன்னா ஒரு வாழ்த்துக் கடுதாசி போட்டுட்டு விட வேண்டியதுதானே.

சீனி முகம்மது: அதெப்படி? நான் போயி ஒப்புக்கொடுத்தாத்தானே நிக்காஹ்!

தங்கராஜு: ஒப்புக்கொடுக்கறதுன்னா?

மரியம்: நான் சொல்றேன் தம்பி. எங்கள்ல மாப்பிள்ளை கையப் புடிச்சு, 'என் மவள உனக்குக் கட்டிக் குடுத்தேன்'னு சொல்லணும். அதப் பொண்ணோட வாப்பா சொல்லுவாரு.

தங்கராஜு: மாமாமாருங்க?

மரியம்: அவங்க ஓரமா உக்காந்து பிரியாணி சாப்பிடுவாங்க.

சீனி முகம்மது: அந்தப் புள்ளைக்கு வாப்பா பக்கத்துல இல்ல. அதான் நான்...

மரியம்: மவுத்தா?

சீனி முகம்மது: சேச்சே! உசுரோட இருக்காரு. வெளியூர்ல.

மரியம்: எந்த ஊரு?

சீனி முகம்மது: தூரம்.

மரியம்: பாவம். பெத்த மவ கல்யாணத்துக்குக்கூட வர முடியாத தூரமா... என்னா தொழிலாம்?

சீனி முகம்மது: மரியம், கிராணிக்கு நேரமாகுது.

மரியம்: சரி மச்சான், நான் கேக்கல. தம்பி, மாமா மவளுக்கு இங்கிலீஷ்ல என்ன?

தங்கராஜு: கசின்.

மரியம்: அதையே போட்டுருங்க. பொய்யும் இல்ல, யாருக்கும் சங்கடமும் இல்ல. விசாவும் வந்துரும், மனுசனும் போயிட்டு வந்துருவாரு.

தங்கராஜு: போடட்டா பாய்? தப்பு சொல்ல முடியாது. நெசமாவே மாமா மவதானே.

சீனி முகம்மது: ம்... போடுங்க.

தங்கராஜு: அப்ப கையெழுத்து. இந்தக் கோட்டுக்கு மேல.

சீனி முகம்மது: கோட்டுக்குக் கீழ பொடிசா என்ன போட்டிருக்கு?

தங்கராஜு: 'மேலே எழுதியது எல்லாம் உண்மை, எதையும் மறைக்கவில்லை.' எல்லா ஃபாரத்துலயும் இருக்கிறதுதான்.

சீனி முகம்மது: எதையும்...

தங்கராஜு: மறைக்கவில்லை. பேனாவப் புடிங்க பாய்.

மரியம்: மச்சான்? பேனாவ ஏன் கீழ வச்சிட்டீங்க?

சீனி முகம்மது: கசின்னு எழுதிட்டீங்களா கிராணி?

தங்கராஜு: பென்சில்லதான். மேல பேனாவால எழுதணும்.

சீனி முகம்மது: அழிச்சிருங்க.

தங்கராஜு: பாய்...

சீனி முகம்மது: அழிங்க லா! இருபது வருஷமா அவ என் பேரச் சொல்லிக்கிட்டு அந்த வீட்டுல இருக்கா. ஊர்ல யார் கேட்டாலும், அவரு மலேசியாவுல இருக்காருன்னு தலை நிமிந்து சொல்றா. நான் இங்க ஒரு காயிதத்துல அவள யாரோ ஒருத்தியா ஆக்கிட்டு, அந்தக் காயிதத்தக் காட்டி அவ வாசல்லயே போயி நிக்கவா? என்னால முடியாது. மரியம்... நீ அந்த நாற்காலியில உக்காரு.

மரியம்: நின்னே கேக்குறேன். சொல்லுங்க.

சீனி முகம்மது: ஆமினா என் பொஞ்சாதி. உன்னக் கட்டறதுக்கு முந்தியே. ஜெய்புன்னிசா என் மவ. உன்னப் பொண்ணு கேட்டு வந்தப்பவே உங்க வாப்பாட்ட சொல்லிருக்கணும். பயம்... அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம்னு... பதினஞ்சு வருஷம் ஆயிருச்சு. அங்க அவகிட்டயும் உன்னப் பத்திச் சொல்லல. ரெண்டு பக்கமும் பொய். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். போகாதன்னு சொன்னா...

மரியம்: சொன்னா?

சீனி முகம்மது: போகாதன்னு மட்டும் சொல்லாத புள்ள. மவ கடுதாசியில எழுதியிருக்கா, 'வாப்பா, நீங்க வந்தாத்தான் நான் மணவறைக்கு வருவேன்'னு.

மரியம்: தெரியும்.

சீனி முகம்மது: என்னா தெரியும்?

மரியம்: 'எனக்குச் சிவப்புச் சேலை வேணாம், பச்சையில வாங்கிட்டு வாங்க'ன்னும் எழுதியிருக்கா.

சீனி முகம்மது: அது... அரிசி மூட்டைக்குப் பின்னால வச்சிருந்த கடுதாசி!

மரியம்: உங்க கடுதாசியில அது இல்ல மச்சான். நல்லா யோசிச்சுப் பாருங்க. அது எனக்கு வந்த கடுதாசியில.

சீனி முகம்மது: உனக்கா? யாரு... எப்படி? இங்க தபால் வந்தா நான்தானே வாங்குறேன்!

தங்கராஜு: எஸ்டேட் ஆபீசுக்கும் தபால் வரும் பாய்.

சீனி முகம்மது: கிராணி! நீங்களுமா?

தங்கராஜு: என்னை ஏன் மொறைக்கிறீங்க? கடுதாசி வந்தா குடுக்கறதுதானே கிராணி வேலை. ஒண்ணரை வருஷமா குடுக்கறேன்.

மரியம்: நீங்க கொடல் ஆபரேசன் பண்ணிக்கிட்டு ஆஸ்பத்திரியில படுத்திருந்தீங்கல்ல, அப்ப ஒரு கடுதாசி வந்துச்சு. அவசரமோ என்னமோன்னு பிரிச்சேன். மூணு நாளு அழுதேன். நாலாவது நாளு, ஒரு பொம்பளை அங்க பதில் வராம என்ன பாடுபடுவாளோன்னு தோணுச்சு. 'அவருக்கு ஒடம்பு தேறிருச்சு, பயப்படாதீங்க'ன்னு எழுதிப் போட்டேன். கீழ மரியம்னு கையெழுத்தும், எஸ்டேட் ஆபீஸ் விலாசமும் போட்டேன்.

சீனி முகம்மது: அவ... அவ என்ன எழுதினா?

மரியம்: நாலு மாசம் ஒண்ணும் எழுதல. அப்புறம் ரெண்டே வரி வந்துச்சு. 'சாப்பாட்டுல உப்பக் கொறைச்சுப் போடு. அவருக்கு ஆகாது.'

சீனி முகம்மது: அதான் ஒரு வருஷமா கறியில உப்பே இல்லாம...

மரியம்: அதான். போன மாசம் வந்தத வாசிக்கிறேன், கேளுங்க. 'தங்கச்சி மரியத்துக்கு ஆமினா சலாம். அவரைத் தனியாக அனுப்பாதே. தனியாக வந்தால் என் முகத்தைப் பார்க்கத் தெரியாமல் வாசலிலேயே நிற்பார். நீயும் பிள்ளைகளும் கூட வாருங்கள். அக்காளைப் பார்க்கத் தம்பிமார் வரவேண்டாமா?'

சீனி முகம்மது: யா அல்லா...

மரியம்: அழாதீங்க, ஃபாரம் நனைஞ்சிரும். கடைய பக்கத்து வீட்டு உதுமான் அண்ணன் பாத்துக்கும். என் பாஸ்போர்ட்டு இந்தா இருக்கு, பசங்க பேரும் அதுலயே ஏறியிருக்கு. இதுக்குத்தான் மூணு தடவ பல்லு வலி வந்துச்சு.

தங்கராஜு: பாய், உங்க ஃபாரத்துல உறவுக் கட்டத்துல பொஞ்சாதின்னு எழுதிட்டேன். மேல பொஞ்சாதி பேரு கேட்ட எடத்துல ரெண்டு பேரையும் ஒரே கோட்டுல நெருக்கி எழுதிட்டேன், எடம் பத்துச்சு. பிள்ளைங்க மூணு. இப்ப ரெண்டாவது ஃபாரம். அக்கா, பேரு எழுதியாச்சு, போட்டோ ஒட்டியாச்சு, தங்குற வீடு ஆமினா பீவி வீடு. இங்கதான் மாட்டிக்கிட்டேன். அவங்க உங்களுக்கு என்ன உறவு?

மரியம்: அக்கான்னு சொன்னா வாப்பா பேரு ஒத்துப்போகல. ஊர்ல அதுக்கு ஒரு வார்த்த வச்சிருக்காங்க, அத நானும் எழுதல, அவங்களும் எழுதல. மச்சான், கட்டம் காலியா இருந்தா திருப்பிருவானாம்... தம்பி பேனாவப் புடிச்சுக்கிட்டுக் காத்திருக்காரு. கண்ணத் தொடச்சுக்கிட்டு, நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க.