பத்தாயிரத்து ஏழு

— டேய், உட்காருடா. குட்டி போட்ட பூனை மாதிரி கேலரியைச் சுத்திச் சுத்தி வந்தா பத்தாயிரத்து ஏழு மாறிடுமா?

— எப்படிக்கா உட்காருறது? நாளைக்கு விழா. பத்தாயிரத்து ஏழு பிள்ளைங்க ஒண்ணா ஆடணும். எல்லா வரிசையிலயும் தலை ஒண்ணுபோல இருக்கணும். நீ கணக்கு டீச்சர்தானே, ஒரு வழி சொல்லேன்.

— வழியே இல்லைன்னுதான் அப்போலேர்ந்து கத்துறேன். அது பகா எண். ஏழால வகுத்தா நாலு மிச்சம். பதிமூணுக்குப் பத்து மிச்சம். இருபத்தொம்பது கிட்ட வந்து ரெண்டுல கைவிட்டுடுச்சு.

— இன்னும் பெரிய நம்பரால வகுத்துப் பாரேன்.

— வேண்டாம்டா. நூறுக்கு மேல ஒண்ணு வகுத்தா, அதோட ஜோடி நூறுக்குள்ள இருந்தாகணும். நூறு வரைக்கும் பார்த்துட்டேன், ஒண்ணும் மசியலை. எல்லாரையும் ஒரே வரிசையா நிறுத்து, போற வரைக்கும் போகட்டும்.

— விளையாடாதக்கா, தலையே வெடிக்குது. ரெண்டு பேரை எடுத்துட்டா?

— எண்பத்தேழு பேரா நூத்திப் பதினஞ்சு வரிசை வரும். ஆனா கீழ மைதானத்துல போட்டிருக்கிற சுண்ணாம்புக் கோடெல்லாம் அழிக்கணுமே. அது வரிசைக்கு எத்தனை பேருன்னு போட்ட?

— எழுபத்திரண்டு.

— வரிசை?

— நூத்தி முப்பத்தொம்பது.

— இரு… பத்தாயிரத்து எட்டு! டேய் மடையா, ஒரே ஒரு பிள்ளைதான் குறையுது. எங்கிருந்தாவது ஒண்ணைக் கூட்டிட்டு வா, முடிஞ்சுது.

— ஒரே நாள்ல யாருக்குக்கா ஆட்டம் சொல்லித் தர்றது?

— அதுவும் சரிதான். ஆனா… இவ்வளவு கச்சிதமா கோடு போட்டவன் ஆளை மட்டும் தப்பா எண்ணியிருப்பியா? பத்தாயிரத்து எட்டு பேர் இருந்திருக்காங்க. நீதான் ஒண்ணை எடுத்திருக்க.

— சரி, விடுக்கா.

— யாருடா அது?

— மேலிருந்து பார்த்தா அந்த ஒரு இடம் மட்டும் பிசிறு தட்டுச்சு. பெரிய பெரிய ஆளுங்க வர்றாங்க. என் வேலையும் போயிடக் கூடாதில்ல? கால் கொஞ்சம் இழுக்கும் அந்தப் பொண்ணுக்கு…

— என்னை நிமிர்ந்து பாரு.

— முடியலைக்கா.

— என் பொண்ணையா? தாய்மாமன்டா நீ! யார் சொல்லி எடுத்த?

— யாரும் சொல்லலை. நானேதான். அடிக்கணும்னா அடி.

— வயிறு எரியுதுடா. இல்லை, நீ பொய் சொல்ற. இந்த வாரம் பூரா வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வர்றா. "ஒத்திகை நல்லா போச்சும்மா"ன்னு சிரிக்கிறா. நீ எடுத்திருந்தா அவளுக்கு எப்படிடா வேர்க்கும்?

— கம்பி வேலிக்கு வெளிய தனியா நின்னு, முழு ஆட்டமும் ஆடிட்டுப் போறாக்கா.