ஒரே விரலில் எடுத்த ரத்தம்

சட்டைக் கம்பெனியில் இஸ்திரி போடுபவன், வயது 31, கம்பெனிக்குப் பின்சந்தில் தகரக் கூரை வீட்டில் தங்கையுடன் குடியிருந்தவன், போலீஸ் அதிகாரி கேட்டதற்குச் சொல்வது:

எங்கள் கம்பெனியில் ஒருவருக்கு டெங்கு என்று தெரிந்தாலும் மருந்து அடித்து முடியும்வரை அந்தப் பிரிவை மூடவேண்டும். அதற்காக டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பரிசோதனைப் பெட்டி வாங்கிக் கம்பவுண்டரிடம் கொடுத்திருந்தார்கள். அதிலுள்ள அட்டையில் ஒரு சொட்டு ரத்தம் விடவேண்டும்; ஒரு கோடு வந்தால் நோய் இல்லை, இரண்டு வந்தால் டெங்கு. எனக்குக் காய்ச்சல் வந்தபோது பார்த்ததில் ஒரு கோடு வந்தது. அதன் பிறகு யாருக்குக் காய்ச்சல் என்றாலும் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, கம்பவுண்டரை விட்டு என் விரலைக் குத்தவைத்து, அட்டையில் அவர்கள் பெயரை எழுதவைத்தார். எனக்கு ஓசி டீ கிடைத்தது. என்னை நல்ல ரத்தம் என்று கேலி செய்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

அதன் பிறகு பேக்கிங்கில் இருந்த என் தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. அவளுக்காவது ஒழுங்காகப் பாருங்கள் என்று கெஞ்சினேன். அதற்கு சூப்பர்வைசர், “அண்ணன் தங்கச்சி, ஒரே ரத்தம்தானடா? கையை நீட்டு” என்றார். கம்பவுண்டர் சிரித்தார். நான் நீட்டினேன். ஒரு கோடு வந்தது. டெங்கு இல்லை என்று வலி மாத்திரை கொடுத்து அவளை வேலைக்கு அனுப்பினார்கள்.

அதன் பிறகு அவள் ஈறில் ரத்தம் கசிந்து, பெட்டிகளின் மேலேயே விழுந்தாள். நனைந்த பெட்டிகளை மாற்றச் சொல்லிவிட்டுத்தான் சூப்பர்வைசர் ஆட்டோ கூப்பிட்டார். அந்த மாத்திரையால்தான் ரத்தப்போக்கு அதிகமானது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். அங்கேதான் முதல்முறையாக அவள் விரலில் குத்தினார்கள். அட்டையில் இரண்டாவது கோடு தெரிவதற்குள் அவள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வந்தபோது சூப்பர்வைசர் போன் செய்து, “சாவு வீடுன்னு தெரியும்பா. ரெண்டு பேருக்குக் காய்ச்சல். வந்து விரலை மட்டும் குடுத்துட்டுப் போயிடு” என்றார். நான் போனேன். சூடாக இருந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்து அவர் முகத்தில் வைத்து அழுத்தினேன். கம்பவுண்டர் ஓடிவிட்டார். சூப்பர்வைசர் பிழைத்துக்கொண்டார் என்று அதிகாரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அது ஒன்றுதான் எனக்கு வருத்தம்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. வருத்தம் என்ற வரியை எடுத்துவிடட்டுமா என்று அதிகாரி கேட்டார். வேண்டாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.