ரெண்டாங் கண்ணாடி

— மெள்ளப் பேசாதீங்க அப்பு, சத்தம் போட்டே பேசுங்க. சன்னலுக்கு நேரா நின்னு கத்துனாலும் உள்ள ஒரு பொட்டுக் கேக்காது.

— ஏ பாஸு, உனக்கென்ன கிறுக்கா? உள்ள தொரை இருக்காரு, பிரஜாவுரிமை வெசாரணைக்கு வந்த ஐயா இருக்காரு. மொதல்ல குசினியிலருந்து நான் கொண்டாந்த இந்தத் தேத்தண்ணியக் குடி. மழையில நின்னு பல்லு கிட்டிப்போயிக் கெடக்கு, பேச்சப் பாரு.

— நெசமாத்தான் சொல்றேன். இப்பப் பாருங்க. ஏய் தொரேய்! உங்க தொப்பியில ஓட்டை!

— மாதாவே! டேய், என் சோத்துல மண்ணப் போட்டுறாத!

— பாத்தீங்களா? மனுசன் திரும்பிக்கூடப் பாக்கல. சுருட்டப் பத்தவச்சிக்கிட்டு இருக்காரு. இதான் வேலை. எங்கையால செஞ்ச வேலை.

— சரிப்பா, ஒத்துக்கிறேன். நீ பெரிய ஆளுதான். இன்னொருக்கா கத்துனே, அந்தத் தேத்தண்ணியப் புடுங்கிருவேன்.

— பழைய சன்னல்ல நான் கையே வைக்கல, கேட்டுக்கங்க. மேலயும் கீழயும் ஏறி எறங்குற அதே சன்னல், வெள்ளக்காரன் பங்களா கட்டுன காலத்துல போட்டது. உள்பக்கமா நாலு விரக்கடை தள்ளி இன்னொரு சட்டம், இன்னொரு கண்ணாடி. நடுவுல காத்து பூட்டிக் கெடக்கு. குளிரும் தாண்டாது, சத்தமும் தாண்டாது.

— அது முன்ன இருந்த இருப்பு எனக்குத் தெரியாதா? ஆடி மாசக் காத்துல கடகடகடன்னு ஆடும். தொரசாணி காதுல பஞ்ச வச்சிக்கிட்டுத்தான் படுப்பாங்க.

— பேத்துப்புட்டுப் புதுசு போடவான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டாங்க, வீட்டு அழகு போயிருமாம். சரி, பழசு பழசாவே நிக்கட்டும், உள்ள ஒரு காவல் போடுறேன்னேன். கொழும்புலருந்து கண்ணாடி நானுஓயாவுக்கு ரயில்ல வந்து சேந்துச்சு. ஓரத்துல வச்சு அடிக்கிற மெத்துத் துணி மட்டும் வரல. என்ன செஞ்சிருப்பேன்னு நெனக்கிறீங்க?

— என்னத்தச் செஞ்ச?

— என் கம்பளியக் கிழிச்சு வச்சேன். தோட்டத்துல குடுத்த கறுப்புக் கம்பளி. நாலு பக்கமும் சுத்தி அடிச்சேன் பாருங்க, ஊசி போற எடம் கெடையாது.

— போர்த்துற கம்பளியவா? ஓம் பொஞ்சாதி உன்னைய வீட்டுல சேத்தாளா?

— காளியாயி ரெண்டு நாளு பேசல. இன்னைக்குக் காலையிலதான் வாயத் தொறந்தா. "அங்கயும் போயி சன்னலப் பத்தி அளந்துக்கிட்டு இருக்காத. கூப்பிட்ட ஒடனே போயி நில்லு"ன்னா. அவ பயம் அவளுக்கு. அவ பேரு, மூணு புள்ளைக பேரு, எல்லாம் என் பத்திரத்துலதான அப்பு இருக்கு. எனக்குப் பிரஜாவுரிமை கெடைச்சா அஞ்சு பேருக்கும் கெடைச்ச மாதிரி. எனக்கு இல்லைன்னா அஞ்சு பேருக்கும் இல்ல.

— கெடைக்கும்யா. கடுதாசியெல்லாம் கொண்டாந்தியா?

— இந்தா, தகரப்பொட்டி. எங்கப்பாரு பேரு போட்ட தோட்டத்துத் துண்டுச்சீட்டு, என் கலியாணக் கடுதாசி, புள்ளைக பொறந்த கடுதாசி மூணு. அம்பத்தொண்ணுல மனு எழுதிப் போட்டது. மூணு வருசமா இந்தப் பொட்டிய தலைமாட்டுல வச்சிப் படுத்திருக்கேன். மழை ஒழுகுனா புள்ளைகள நகத்துறதுக்கு முன்ன பொட்டியத்தான் நகத்துவேன்.

— அது சரி, கோட்டெல்லாம் போட்டிருக்கியே. காலையில உள்ள போன மூக்கன் போட்டிருந்த கோட்டு மாதிரி இருக்கு?

— மாதிரி என்ன, அதே கோட்டுதான். மூக்கன் வெளிய வந்ததும் கழட்டி எங்கிட்டக் குடுத்தாரு. அவருக்கு முன்ன அழகுமுத்து போட்டிருந்தாரு. ஐயா ஆளப் பாக்குறாரோ இல்லியோ, இந்தக் கோட்டுக்குப் பிரஜாவுரிமை நிச்சயம்.

— ஹஹ்ஹா! நல்ல ஆளுய்யா நீ. ஒருவேளை இல்லைன்னுட்டா என்ன செய்வ?

— அப்படிச் சொல்லாதீங்க அப்பு. இல்லைன்னா இந்தியாவுக்குப் போன்னுதான் சொல்லுவாங்க. அங்க எனக்கு யாரு இருக்கா? எங்க தாத்தன் ஊருப் பேரு தெரியும், அது கெழக்கா மேற்கான்னு தெரியாது. நான் பொறந்தது இந்தா, மூணாம் நம்பர் லயத்துல. எம் மகளும் அதே ஒத்த அறைக் காம்பராவுலதான் பொறந்தா.

— சரி சரி, அழுதுறாத. காலையில ஆறு பேரு போனாங்க, ஆறு பேருக்கும் வெசாரிப்பு நல்லாத்தான் நடந்துச்சு. இன்னும் எத்தன பேரு?

— நான் ஒருத்தந்தான், ஏழாவது. இன்னைக்குக் கடைசி ஆளு. அதான் இங்கிட்டு அங்கிட்டு நகராம சன்னலுக்கு நேரா நிக்கிறேன். வேலையாளுங்க வெராந்தாவுல ஏறக்கூடாதே. விடியக்காலம் பேர் கூப்பிடுற பெரட்டுல நிக்கிற மாதிரி முத்தத்துல நிக்கணும், பேரக் கூப்பிட்டா "சலாம் ஐயா"ன்னுட்டு பின்வாசல் வழியாப் போகணும். காலையில மூக்கனக் கூப்பிட்ட கூப்பாடு தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலை வரைக்கும் கேட்டுச்சு.

— காலையில சன்னலு தொறந்து கெடந்துச்சு. சாப்பாட்டுக்குப் பெறகு ஐயாவுக்குக் குளிரு தாங்கல. அதான உன்னையக் கூப்பிட்டேன், வந்து மூடித் தொலைன்னு.

— வந்தேன்ல. வெளிக் கண்ணாடிய எறக்கி, உள்சட்டத்தப் பொருத்தி, நாலு பித்தளத் திருப்பியையும் திருகி இறுக்குனேன். ஐயா பக்கத்துலயே நின்னு பாத்தாரு அப்பு. "பலே பாஸ், காத்தே இல்லையே"ன்னு முதுகுல தட்டுனாரு! "ஐயா, அடுத்த பேரு என்னோடதுதான்"னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள தொரை, "சரி பாஸ், வெளிய போ"ன்னாரு. வந்துட்டேன். மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல, கூப்பிடாம எப்படி நிக்கிறது?

— அதுவும் சரிதான்.

— ஆங், பாருங்க பாருங்க! ஐயா வாயத் தெறக்குறாரு. ஏதாச்சும் கேக்குதா?

— ஒண்ணும் கேக்கல. கொட்டாவி விடுறாரு போல. கோழிக்கறிய ஒரு புடி புடிச்சாருல்ல.

— கொட்டாவி இல்ல அப்பு, பாட்டு. மறுபடியும் தெறக்குறாரு பாருங்க. கழுத்து நரம்பெல்லாம் பொடைக்குது. இந்தா, தொரையும் சேந்துக்கிட்டாரு!

— தொரைக்குப் பாட்டு வேற வருதா? யேசுவே, போத்தல எப்ப தொறந்தாங்க? நான் கொண்டுபோயி வைக்கலையே.

— மூணாந் தடவையும் தெறக்குறாரு. அம்மாடி, என்னா பெரிய வாயி! இம்புட்டுக் கத்தியும் நமக்கு ஒரு முணுமுணுப்புக்கூட வரல. வெள்ளக்காரன் நாட்டுலகூட இப்படி ஒரு சன்னல் இருக்காது அப்பு.

— இப்ப நம்ம பக்கமாத்தான் பாக்குறாரு.

— நம்மளைய இல்ல, சன்னலைப் பாக்குறாரு. வேலைய மெச்சுறாரு. இருங்க, ஒரு சலாம் போட்டுர்றேன். சலாம் ஐயா! பாத்தாரு! பாத்துட்டுத் தலைய ஆட்டுனாரு!

— குசினியில மணி அடிக்குது. தேத்தண்ணி கேக்குறாங்க. நான் போயிட்டு வந்துர்றேன், நீ நல்ல புள்ளையா நில்லு. சட்டுனு கூப்பிடுவாங்க.

— நான் எங்க போறேன்? வேரு விட்டுருச்சு காலு.

— இந்தா பாஸு, வந்துட்டேன். உனக்கொரு துண்டு கேக்கு, ஒளிச்சுக் கொண்டாந்தேன்.

— கேக்கு கெடக்கட்டும். உள்ள என்ன நடக்குது? எப்ப என்னையக் கூப்பிடுவாங்களாம்?

— ஒண்ணும் நடக்கல. எவனோ ஒரு ஆளு வரலையாம், அதுல ஐயாவுக்குக் கோவம். மூணு தடவ தொண்டத்தண்ணி வத்தக் கூப்பிட்டாங்களாம், "சலாம்"னு ஒரு குரல் இல்லையாம். "மூணு வருசம் காத்திருந்துட்டு வெசாரணைக்கு வராதவனுக்குப் பிரஜாவுரிமை எதுக்கு"ன்னு சொல்லி, பெரிய பொஸ்தகத்துல செவப்பு மையால அடிச்சுட்டாரு. நீ இங்கதான நின்ன? ஆண்டியப்பன்னு எவனாச்சும் இந்தப் பக்கம் வந்தானா?

— என்ன பேரு சொன்னீங்க?

— ஆண்டியப்பன். எந்த லயத்து ஆளுன்னு தெரியல. பாவம், குடும்பத்தோட போச்சு.

— அப்பு.

— என்னப்பா? மொகம் ஏன் இப்படி வெளுக்குது?

— அது நாந்தான் அப்பு.

— நீ பாஸுல்ல?

— பாஸுன்னு எங்கப்பன் ஆத்தாளா பேரு வச்சாங்க? தச்சு வேலை பாக்குறதால பாஸுன்னு நீங்க கூப்பிடுறீங்க. எம் பேரு ஆண்டியப்பன்!

— யேசுவே! பதினோரு வருசமா எங்கையால தேத்தண்ணி குடிக்கிற, ஒரு நாளு சொல்லலையேடா!

— நீங்க ஒரு நாளு கேக்கலையே! குசினியில சமைக்கிறதால அப்புன்னு கூப்பிடுறோம், உங்க பேரு மட்டும் என்ன, அப்புவா?

— றோலண்டு.

— இந்தா, எனக்கும் இன்னைக்குத்தான தெரியுது!

— அப்ப அது பாட்டு இல்ல. உன்னையத்தான் கூப்பிட்டிருக்காங்க.

— மூணு தடவ அப்பு! என் கண்ணு முன்னாலயே கூப்பிட்டாரு, நான் பல்லக் காட்டிக்கிட்டு நின்னேன். எங் கம்பளியக் கிழிச்சு எங் காதையே அடைச்சுக்கிட்டேனே! அவகிட்டப் போயி என்னன்னு சொல்லுவேன்? ஐயா! ஐயா! நான் இங்கதான் இருக்கேன்! ஆண்டியப்பன் இங்க இருக்கேன் ஐயா!

— கத்தாதடா. கேக்காதுன்னு நீதான சொன்ன.

— கல்ல எடுத்து ஒடச்சுப்புடுறேன்!

— ஒடச்சா பொலீசுதான் வரும், பிரஜாவுரிமை வராது. கல்லக் கீழ போடு. வெராந்தாவுலயும் ஏறாத, தொரைக்கு ஏற்கனவே மூஞ்சி சரியில்ல. நான் போயிச் சொல்றேன். வந்த ஆளுதான்னு நான் சாட்சி சொல்றேன். பொட்டியக் கெட்டியாப் புடிச்சிக்கிட்டு நில்லு.

— போங்க அப்பு, ஓடுங்க! கால்ல வேணா விழறேன்னு சொல்லுங்க! முருகா, எந் தாயே மாரி. உள்ள போயிட்டாரு. வாயத் தெறக்குறாரு. சன்னலைக் கைகாட்டுறாரு. சொல்லுங்க அப்பு, விடாதீங்க. ஐயா எட்டி என்னையப் பாக்குறாரு. சிரிக்கிறாரே! சிரிச்சா நல்லதுதான? தொரையும் சிரிக்கிறாரு. ஐயா பேனாவ எடுக்குறாரு. மூடியத் தெறந்துட்டாரு. எழுதுறாரு! ஏ புள்ள காளியாயி, எழுதுறாருடி!

— பாஸு. ஆண்டியப்பா.

— பாத்தேன் அப்பு, எல்லாத்தையும் பாத்தேன்! எழுதுனாருல்ல? எம் பேரத்தான எழுதுனாரு?

— உம் பேருதான்.

— சாமி! உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்புடணும் அப்பு. உங்க மாதாவுக்கு ஒரு கூடு மெழுகுவத்தி என் செலவு.

— கொஞ்சம் பொறு. நான் சொல்றதக் கேளு. "ஐயா, நீங்க கூப்பிட்ட ஆண்டியப்பன் இந்தச் சன்னல் செஞ்ச பாஸுதான், காலையிலருந்து முத்தத்துலதான் நிக்கிறான்"னு சொன்னேன்.

— அதுக்கு?

— சிரிச்சாரு. "பாஸை எனக்குத் தெரியாதா? உள்ள வந்து சன்னலை மூடுனாரு, வெளிய நின்னு சலாம் போட்டாரு, எங் கண்ணால பாத்தேன். நாள் பூரா இங்கயே நிக்கிற ஆளு, மூணு தடவ கூப்பிட்டா வராம இருப்பாரா? அதனால அந்த வராத ஆண்டியப்பன் வேற ஆளு"ன்னுட்டாரு.

— வேற ஆளா?

— சத்தம் கேக்கலன்னு சொல்லிப் பாத்தேன். "நாங்க ஊருக்கே கேக்கக் கத்துனோம், எங்களுக்கே காது வலிக்குது"ன்னாரு தொரை. பொஸ்தகத்த மூடியாச்சாம். மூடுனது மூடுனதுதானாம்.

— எழுதுனாரே அப்பு. எங் கண்ணால பாத்தேனே. பேனாவத் தெறந்து எழுதுனாரே.

— நுவரெலியாவுல அவரு வீட்டுலயும் குளிராம். நாலு சன்னலுக்கு இதே மாதிரி ரெண்டாங் கண்ணாடி போடணுமாம். ஞாயித்துக்கெழமை தச்சு ஆயுதத்தோட உன்னைய வரச் சொன்னாரு. பேரென்னன்னு கேட்டாரு. ஆண்டியப்பன்னு சொன்னேன்.

— எதுல எழுதுனாரு?

— கோட்டுப் பையில வச்சிருக்குற சின்னப் பொஸ்தகத்துல. "ஆண்டியப்பன். கூப்பிட்டா வர்ற ஆளு."