பனிக்கடல் கப்பலின் முன்தொட்டி

இந்த ஏர்கானைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள், இன்ஸ்பெக்டர். எனக்குக் குளிர் ஒத்துக்கொள்வதில்லை.

வடக்கே கடல் உறைந்து கிடக்கும் ஒரு நாட்டின் கடலோரக் காவல் படைக்கு எங்கள் பட்டறையில் ரோந்துக் கப்பல் கட்டுகிறோம். பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு போக வேண்டிய கப்பல். அதன் மூக்குப் பகுதிக்கு நான்தான் ஃபோர்மேன். அங்கே வெல்டிங்கில் ஹைக்கலின் கை யாருக்கும் வராது. என் மருமகன் என்பதற்காகச் சொல்லவில்லை. ஜார்ஜ்டவுனிலிருந்து ஒன்றாகவே ஃபெர்ரி ஏறி வேலைக்குப் போவோம்.

அவன் வேலையைப் பார்த்த வெள்ளைக்காரர்கள், அடுத்த கப்பலுக்கு அவர்கள் ஊருக்கே அவனை அழைத்தார்கள். என் மகள் அதிரா தாதி. அவளுக்கும் அங்கே ஆஸ்பத்திரியில் வேலை அமைந்தது.

"நீங்களும் வாங்கலா, அத்தா."

"அந்தக் குளிர்ல நான் செத்துருவேன்மா."

"அப்போ வருஷத்துக்கு ஒரு தடவ நாங்க வர்றோம் மாமா," என்று ஹைக்கல் சிரித்தான்.

தாயில்லாத பிள்ளை அவள். தலைவாரிப் பின்னலிடக்கூட நான் கற்றுக்கொண்டு வளர்த்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை என்றால் எப்படி?

கப்பலின் முன்தொட்டிக்குள் இறங்க ஒரே துவாரம். வெல்டிங்குக்கு ஆர்கான் வாயு போகும். நிறமில்லை, வாசமில்லை, காற்றைத் தள்ளிவிட்டுத் தான் நிரம்பிக்கொள்ளும். அதைச் சோதித்து ஆளை இறக்குவது என் பொறுப்பு.

அன்று எல்லாரும் சாப்பிடப் போனதும் தொட்டிக்குள் காற்று அனுப்பும் காற்றாடியை நிறுத்தினேன். வாயுக் குழாயைத் திறந்து உள்ளே விட்டேன். பிறகு போய் ஹைக்கலோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். நல்ல மீன் துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்தான்.

திரும்பி வந்ததும், "மாமா, உள்ள ஓகேவா?" என்று கேட்டான்.

"ஓகேலா, இறங்கு."

வலி இருந்திருக்காது. இரண்டு மூச்சில் மயங்கிவிடுவார்கள் என்று பாதுகாப்பு வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். காப்பாற்றுகிறேன் என்று பின்னாலேயே இறங்கப்போன இன்னொரு வெல்டர் தனேஷை நான்தான் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். இன்னோர் உயிர் பிழைத்தது என்று கம்பெனியில் பாராட்டினார்கள். வால்வு கசிந்திருக்கும் என்று விசாரணையை முடித்துக்கொண்டார்கள்.

அடக்கம் முடிந்து வந்ததும் அதிரா என் மடியில் விழுந்து அழுதாள். "இனி எனக்கு நீங்க மட்டும்தான் அத்தா." நானும் அழுதேன். அது பொய்யழுகை இல்லை. ஹைக்கலை எனக்குப் பிடிக்கும்.

போன வாரம் அவள் வந்து சொல்கிறாள்: "நான் மட்டும் அங்க போறேன் அத்தா. இந்த வீட்ல எங்க பார்த்தாலும் அவருதான் நிக்கிறாரு. மூச்சு முட்டுது." டிக்கெட்டே எடுத்துவிட்டாள். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். என் கண்ணீரைத் துடைத்துவிட்டுப் பெட்டியை அடுக்கப் போய்விட்டாள்.

என்னை யாரும் சந்தேகிக்கவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன். ஹைக்கலைக் கொன்றது நான்தான் என்று தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அதிராவுக்கு இன்றைக்கே தகவல் சொல்லிவிடுங்கள். அத்தா சிறையில் இருக்கும்போது விட்டுவிட்டு விமானம் ஏறுகிற பிள்ளை இல்லை அவள்.