எண்ணி முடியும்வரை பிரிக்காத உறை

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, மறைந்த டாக்டர் அம்மையாரின் கணவர் அவர்களே, கைவேலையைப் போட்டது போட்டபடி வந்திருக்கும் ஆய்வக நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

என்ன பேசுவது என்று தெரியாமல்தான் நிற்கிறேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, "செல்லுங்களுக்குச் சாப்பாடு வச்சுட்டு வந்துடறேன் சார், டீ சொல்லி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர். பத்தேகாலுக்கு அவர் இல்லை. கால் மணி நேரத்தில் ஒரு மனுஷி இல்லாமல் போக முடியுமா? மூன்று நாளாகியும் என் புத்தியில் ஏறவில்லை.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிவதற்கு முன் செல்கள் வளரும் தட்டின் மூடியை மூடியிருக்கிறார், நண்பர்களே. அந்த நேரத்திலும் தூசி விழக் கூடாது என்று நினைத்திருக்கிறார்.

அந்தத் தட்டில் இருந்தவை இன்சுலின் சுரக்கும் கணையச் செல்கள். நீரிழிவில் அவற்றை ஒரு நொதி மெல்ல மெல்லச் சாகடிக்கிறது என்பது அம்மையாரின் கணிப்பு. அந்த நொதியைத் தடுக்க ஒரு மருந்து கொடுத்தால் செல்கள் பிழைக்குமா? ஒன்பது ஆண்டுகளாக அவருக்கு இந்த ஒரே கேள்விதான். ஏன் என்று, தினமும் ஊசி போட்டுக்கொள்ளும் அவருடைய கணவருக்குத் தெரியும்.

நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'மறுபடி மேடம்'. அதற்குக் காரணமே நான்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, மருந்து வேலை செய்கிறது என்று குதித்து, ஆய்வகத்துக்கே கேக் வாங்கினேன். அவர் மட்டும் தொடவில்லை.

"எந்தத் தட்டுல மருந்து இருக்குன்னு தெரிஞ்சுதானே உயிரோட இருக்கிற செல்ல எண்ணினீங்க? உங்க கண்ணு ஆசைப்பட்டுடுச்சு சார். மறுபடி பண்ணலாம்."

தட்டுகளில் வெறும் எண்களை எழுதினார். எதில் மருந்து, எதில் இல்லை என்ற விவரத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டு, என்னை எண்ணச் சொன்னார். என் வெற்றி புஸ்ஸென்று போனது. கோபத்தில் ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை. எட்டாம் நாள் அவரே வந்து, "மிச்சக் கேக் இருக்கா சார்?" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தப்பான மருந்த ஏத்திக்கப் போறது நாம இல்லையே. எங்க வீட்டுக்காரர் மாதிரி ஆளுங்கதானே."

அன்றிலிருந்து, எண்ணி முடிக்காமல் உறையைப் பிரிப்பதில்லை என்பது எங்கள் வழக்கமானது. இந்த முறையும் மருந்து வைத்தவர் அவர், எண்ணுகிறவன் நான். உறை அவருடைய கைப்பையில் இருந்தது.

நேற்று அவர் கணவர் அதை என்னிடம் நீட்டினார். "பாதி எண்ணிட்டீங்களாமே. பிரிச்சுப் பாருங்க சார். அவ ஜெயிச்சாளான்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

உறையின் ஓரத்தில் நகத்தை வைத்துவிட்டேன். எனக்கும் தாங்கவில்லை. ஆனால் விடை தெரிந்த பிறகு, அவருக்காக அழுத கண்ணோடு மிச்சத்தை எண்ணினால், அந்தக் கண் எவ்வளவு ஆசைப்படும்? அந்தக் கணக்கை அவர் ஏற்பாரா? பிரிக்காமல் பையில் வைத்துக்கொண்டேன்.

ஐயா, என்னை மன்னியுங்கள். இன்னும் பன்னிரண்டு தட்டுகள் இருக்கின்றன. அவர் மூடிவைத்த தட்டுக்கு நம் ஆய்வகப் பெண் இன்று காலையும் சாப்பாடு வைத்தார். செல்கள் உயிரோடு இருக்கின்றன. அடுத்த வெள்ளிக்கிழமை எண்ணி முடித்துவிடுவோம். உறையை உங்கள் கையாலேயே பிரியுங்கள். அவர் ஜெயித்திருந்தால் ஊருக்கெல்லாம் சொல்வோம். தோற்றிருந்தால், இந்தச் சபையில் வாக்குக் கொடுக்கிறேன், மறுபடி பண்ணுவோம்.