அஞ்சாவது கேள்வி

அந்த நாற்காலி வேண்டாம்மா, அது நாய் படுக்குறது, உங்க கோட்டு பூரா முடி ஒட்டிக்கும். இப்படி ஜன்னல் பக்கம் உக்காருங்க. டீக்குப் பால் ஊத்தலாம்ல? சரி. ஆமா, எங்க விட்டேன்... அந்த அரையிறுதி ஆட்டத்துப் பேப்பருதான் உங்க கையிலயே இருக்கே. அஞ்சுக்கு அஞ்சுன்னு எழுதி, கீழ கையெழுத்து போட்டிருக்கு பாருங்க, ராய்ஸ்டன் பின்டர், முதலுதவி. நாந்தான். ஹாக் லேன் ரக்பி கிளப்புல இருபத்திரெண்டு வருஷமா வாளியும் பஞ்சும் தூக்கிட்டு மைதானத்துக்குள்ள ஓடுறவன். ஒருத்தன் இறுதி ஆட்டத்துல விழுந்து ரெண்டு மாசமாகியும் தேறலைன்னா சங்கத்துலேருந்து ஆள் வரத்தானே செய்வாங்க. உங்க மேல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல.

விழுந்தானே கேரத், அவன் என் மருமகன். அது பேப்பர்ல இருக்காது. என் மக ஜானீனைத்தான் கட்டியிருக்கான். இப்ப ரெண்டு பேரும் என்னோடதான் இருக்காங்க, அவங்க வீட்டுல படி செங்குத்து, அவனால ஏற முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க. மூணு மணி பஸ்ல வந்துருவாங்க. அதுக்குள்ள பேசி முடிச்சிரலாம்.

மொதல்லேருந்து சொன்னாத்தாம்மா விளங்கும். பிப்ரவரி முடியுறப்ப நாங்க பத்து டீம்ல ஒன்பதாவது. பதினோரு ஆட்டத்துல ரெண்டு ஜெயிச்சிருந்தோம், அதுலயும் ஒண்ணு எதிராளுங்க வந்த பஸ் வழியில நின்னுபோச்சு, அதனால கெடைச்சது. ஊர்ல சிரிக்காத ஆளில்ல. கசாப்புக் கடைக்காரன், என்ன ராய், இந்த வாரம் எத்தனை புள்ளியில தோத்தீங்கன்னு கேட்டுட்டேதான் கறி வெட்டுவான்.

இதோ, இந்தக் கேள்வி அட்டை அப்பத்தான் புதுசு. உங்க ஆளுங்க அனுப்புனதுதான். தலையில அடிபட்டா அஞ்சு கேள்வி கேக்கணும். இது எந்த மைதானம், மொதப் பாதியா ரெண்டாவது பாதியா, கடைசியா யாரு புள்ளி போட்டது, போன வாரம் யாரோட ஆடினோம், அதுல ஜெயிச்சோமா. ஒண்ணு தப்புனாலும் வெளிய. நீங்க சொல்லணும்னு இல்லம்மா, எனக்கு மனப்பாடம்.

மார்ச் மொத வாரம் எங்க தடியன் நெவில் விழுந்தான். நான் ஓடிப்போய்க் கேட்டா, நாலுக்கும் மணி மணியா பதில் சொல்றான். அஞ்சாவது, போன வாரம் ஜெயிச்சோமாடா? ஜெயிச்சோம் ராய்ங்குறான். பெஞ்சுல இருந்த அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. கோச் பிரெண்டன், நெவிலுக்கு மூளை கலங்கிருச்சு, தூக்கிட்டு வாங்கடான்னு கத்துனான். அப்புறம் கிளப்புல அதே பேச்சுதான். எங்களுக்கு அந்த அஞ்சாவது கேள்வி ஒண்ணே போதும், ஜெயிச்சோம்னு சொல்றவனுக்கு எல்லாம் கழண்டு போச்சுன்னு அர்த்தம், மத்த நாலு எதுக்குன்னு.

அன்னிக்கு நெவில் இல்லாம ஆடியும் ஜெயிச்சோம். எப்படின்னு என்னைக் கேக்காதீங்க. சேறு முட்டி வரைக்கும் இருந்துச்சு, அவங்களால ஓட முடியல, எங்களுக்கு அது பழக்கம். அடுத்த வாரமும் ஜெயிச்சோம். அதுக்கடுத்த வாரமும். ஏழு ஆட்டம்மா, வரிசையா ஏழு. எல்லாம் இந்தக் கேரத்தாலதான். மருமகன்னு சொல்லல, யாரை வேணா கேட்டுப் பாருங்க. ஒன்பதாம் நம்பர் சட்டை. மடக்குனதுல விழுந்த எங்க ஆளு காலடியிலேருந்து பந்தை எடுத்துட்டு, எதிராளு திரும்புறதுக்குள்ள அவன் கக்கத்துக்கு அடியில பூந்து போயிட்டிருப்பான். சின்ன ஆளு. ஒடம்பு பூரா துணிச்சல்தான்.

இங்க ஒரு வழக்கம் இருக்கு, ஜெயிக்கிற வரைக்கும் ஒண்ணையும் மாத்தக் கூடாது. அதே பதிமூணு பேர், பஸ்ல அதே சீட்டு. என் வாளிக்கு ஒரு பக்கம் பிடி அறுந்துபோச்சு, ஷூ கயித்தால கட்டி வச்சேனே தவிர வேற வாளி எடுக்கல. ஜானீன் மொத வாரம் கேரத்துக்கு முட்டை சான்ட்விச் கட்டிக் கொடுத்திருந்தா. அவனுக்கு முட்டையே ஆகாது. ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதையே கட்டிக் கொடுத்தா, அவனும் மூக்கைப் பிடிச்சுட்டுத் தின்னான். இதெல்லாம் உங்களுக்குச் சிரிப்பா இருக்கும். எங்களுக்கு அப்ப அது விளையாட்டில்ல. பதிமூணு பேர்ல ஒருத்தன் வரலைன்னா ஊரே அவன் வீட்டு வாசல்ல போய் நிக்கும்.

கடைசில நாலாவது எடம். நாலு டீமுக்குத்தான் அரையிறுதி. ரெட்ஃபோல்ட்ல, அவங்க மைதானத்துல ஆட்டம்.

அதுக்கு முன்னால இன்னொண்ணு சொல்லணும். அறுபத்தொண்ணுல எங்க கிளப்பு ஒரு அரையிறுதி ஆடுச்சு. நானும் அப்ப ஒன்பதாம் நம்பர்தான். கடைசி நிமிஷம், கோட்டுக்கு ரெண்டடி, பந்து என் கையில. நழுவ விட்டுட்டேன். அவ்வளவுதான். முப்பத்தேழு வருஷம் ஆச்சு, நான் கிளப்புல நாலு பீரைக் கையில ஏந்திட்டு வந்தா யாராவது ஒருத்தன், பார்த்துடா ராய், நழுவிடப் போகுதும்பான். என் பொண்டாட்டி அடக்கத்தன்னிக்குக்கூட ஒருத்தன் சொன்னான். பாசத்துலதான் சொன்னான். நானும் சிரிச்சேன்.

சரி, ரெட்ஃபோல்ட். பதினஞ்சு நிமிஷம் பாக்கி, பன்னெண்டுக்குப் பத்துன்னு நாங்க பின்னால. கேரத் குனிஞ்சு ஒருத்தனை மடக்கப் போனான், அவன் முட்டி வந்து இவன் பொட்டுல அடிச்சுது. அந்தச் சத்தம் பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு. நான் வாளியைத் தூக்கிட்டு ஓடுனேன். பஞ்சை நனைச்சு மூஞ்சில வச்சேன், கண்ணைத் தொறந்தான். பிரெண்டன் கோட்டுக்கிட்டேருந்து கத்துறான், ராய், என்னாச்சு, அவன் ஆடுவானா மாட்டானான்னு. நடுவர், சீக்கிரம்யாங்குறாரு. நான் அட்டையை எடுத்துக் கேட்டேன். முடிச்சு, பிரெண்டனுக்குக் கட்டைவிரலைக் காட்டினேன். எழுந்தான்.

ஆமாம்மா, தொடர்ந்து ஆடினான். ஆடினான்னா எப்படி, ஆட்டம் முடிய ரெண்டு நிமிஷம் இருக்குறப்ப தரையிலேருந்து பந்தை எடுத்து மூணு பேருக்கு நடுவுல நுழைஞ்சு கோட்டைத் தாண்டி விழுந்தான், சரியா கம்பத்துக்குக் கீழ. அதுக்கப்புறம் அடிச்ச உதையும் சேர்த்து பதினாறுக்குப் பன்னெண்டு. நான் வாளி மேல உக்காந்து அழுதேன். ஹாக் லேன் மொத மொதலா இறுதி ஆட்டத்துக்குப் போகுது. அன்னிக்கு ராத்திரி கிளப்புல ரெண்டு கையிலயும் பீரைத் தூக்கிட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன், ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லல.

அந்த வாரமா? தூங்கிட்டே இருந்தான். தலை வலிக்குதுன்னான், செவ்வாக்கிழமை வாந்தி. ஜானீன் என்கிட்ட வந்தா. இதோ, இந்த அடுப்படியிலதான் நின்னு கேட்டா. அப்பா, அவனை ஆட விடலாமா, அவன் அஞ்சும் சரியாச் சொன்னானான்னா. சொன்னான்மான்னேன். நீ சொன்னா சரிப்பான்னு போயிட்டா. சனிக்கிழமை முட்டை சான்ட்விச் கட்டிக் கொடுத்தா.

இறுதி ஆட்டத்துல பெரிய அடி ஒண்ணுமில்லம்மா. அதை உங்க ஆளுங்களே பார்த்திருப்பாங்க. இருபதாவது நிமிஷம், சாதாரணமா ஒருத்தன் தோளால இடிச்சான், குழந்தைகூட எந்திரிச்சுடும். இவன் எந்திரிக்கல. அப்புறம் யாருக்கும் ஆட மனசில்ல. முப்பதுக்கு எட்டு. அந்த வாளியை அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன்.

இப்ப நடக்குறான், கையைப் பிடிச்சுக்கிட்டா. சாப்பாடு ஊட்டணும். பேச்சு அதிகமில்ல. டாக்டர் எதையாவது கேட்டுட்டே இருங்கன்னாரு, அதனால தெனமும் காலையில நான் இந்த அட்டையை வச்சுக்கிட்டு எதுக்க உக்காந்து கேக்குறேன். அவன்கிட்ட வேற என்னத்தைம்மா கேக்குறது, எங்களுக்குள்ள வேற என்ன பேச்சு இருந்துச்சு. இது எந்த மைதானம்டா கேரத்? ஜன்னலைப் பார்ப்பான். எந்தப் பாதி? ஜன்னலைப் பார்ப்பான். நாலு கேள்விக்கும் அப்படித்தான். அஞ்சாவதுக்கு மட்டும் மொகம் மலர்ந்துரும். போன வாரம் ஜெயிச்சோமாடா? ஜெயிச்சோம் ராய்ம்பான். தெளிவா சொல்லுவான், நல்லா இருந்தப்ப சொன்ன மாதிரியே.

ஜானீனுக்கு அதுல ஒரு நம்பிக்கை. ஒண்ணு திரும்பி வந்துருச்சுல்லப்பா, மத்த நாலும் வந்துரும்ங்குறா. அவகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன். அது ஒண்ணும் திரும்பி வரலம்மா. அது போகவே இல்ல.

இல்ல, பேனாவை மூடாதீங்க. அந்த அஞ்சுக்கு அஞ்சை அடிச்சுட்டு ஒண்ணுன்னு போடுங்க. ரெட்ஃபோல்ட்லயும் அவன் அந்த ஒண்ணுக்குத்தான் பதில் சொன்னான். மத்த நாலுக்கும் என் மூஞ்சியைத் தாண்டி எங்கேயோ பார்த்துட்டிருந்தான். அஞ்சாவதுக்கு ஜெயிச்சோம் ராய்ன்னான். ஜெயிச்சுத்தானே இருந்தோம், சரியாத்தானே சொல்றான்னு நான் கட்டைவிரலைக் காட்டிட்டேன். அதுக்கு எட்டு வாரம் முந்தி, நாங்க தோத்துக்கிட்டிருந்தப்பவா இருந்தா, அதே பதிலுக்கு அவனைத் தோள்ல தூக்கிட்டு வெளிய வந்திருப்பேன்.

கேட்டுல சத்தம் கேக்குது, வந்துட்டாங்க. உங்க டீ ஆறிப்போச்சு பாருங்க, வேற ஊத்துறேன். கிளம்பிடாதீங்கம்மா. அவகிட்ட நான் சொல்றப்ப பக்கத்துல யாராவது இருந்தாத் தேவல.