முழுக்க நாங்கள் எழுதினது

எமில்ராஜ்: ஒரு கையெழுத்து, ஜெசிதா! அதுக்குக் காலமையிலையிருந்து இழுத்தடிக்கிறாய்...

ஜெசிதா: நீங்கள்தானே முதலாளி. உங்கடை கையெழுத்தை வையுங்கோ, அண்ணை.

எமில்ராஜ்: எஞ்சினியரின்ரை கையெழுத்தைத்தான் கொழும்புக் கொம்பனி கேக்குது! உந்தக் கடதாசியிலை என்ன பிழை? வாசி பாப்பம்.

ஜெசிதா: "படகுக்கு எல்லை காட்டும் பெட்டியிலுள்ள மென்பொருள் முழுவதும் எம்மால் எழுதப்பட்டது." உள்ளை ஓடுற லினக்ஸை நாங்களோ எழுதினனாங்கள்? குருநகரிலை இருந்து...

எமில்ராஜ்: நக்கலடியாதை! ஜிபிஎஸ் சிப்போடை கதைக்கிற பகுதி ஆரின்ரை எழுத்து?

ஜெசிதா: என்ரை. ஆனா லினக்ஸுக்குள்ளை கைவைச்சு எழுதினது. அதாலை அதுக்கும் லினக்ஸின்ரை லைசென்ஸ்தான். பெட்டி வாங்கின ஆர் கேட்டாலும் கோடிங்கைக் குடுக்கோணும்.

எமில்ராஜ்: கோடிங்கை ஆரும் பாக்கேலாமல் பூட்டித் தந்தால்தான் வாங்குவாங்களாம்! ஆயிரம் பெட்டி... ஆயிரம்!

ஜெசிதா: அதுக்குத்தான் முதலிலையே லினக்ஸுக்குப் பதிலா பிஎஸ்டி எடுப்பம் எண்டனான். அந்த லைசென்ஸிலை மாத்தினதைப் பூட்டி விக்கலாம். கேட்டீங்களோ?

எமில்ராஜ்: அது உந்த மலிவுச் சிப்பிலை ஓடாது எண்டதும் நீதான்!

ஜெசிதா: ஆறு மாதம் தாங்கோ, ஓடப்பண்ணுறன் எண்டனான். "லினக்ஸ் சும்மா கிடக்குது, எடு" எண்டீங்கள்.

எமில்ராஜ்: சும்மாதானே கிடந்தது!

ஜெசிதா: காசு கேக்கேல்லை. திறந்து தந்ததைத் திறந்தே குடுக்கச் சொல்லுது... அவ்வளவுதான்.

எமில்ராஜ்: யாழ்ப்பாணத்திலை ஆர் வந்து கேக்கப்போறான்?

ஜெசிதா: எங்கடை பெட்டியோடை கடலுக்குப் போன பிலிப்பர் கேட்டவர்.

எமில்ராஜ்: ...அந்தக் கதையை விடு.

ஜெசிதா: ஏன் விட? நடுக்கடலிலை எங்கடை பெட்டி நிண்டுபோய், எல்லை தெரியாமல் தாண்டி, மூண்டு மாதம் இந்தியாவிலை பிடிபட்டு மறியல்லை கிடந்த மனிசன்! பெட்டியைத் திருத்தித் தரச்சொல்லிக் கேட்டார், புதுசு வாங்கச் சொன்னீங்கள். "அப்ப கோடிங்கைத் தாங்கோ, கம்பஸிலை படிக்கிற மகள் பாப்பாள்" எண்டு கடிதம் தந்தார். கிழிச்செறிஞ்சீங்கள்!

எமில்ராஜ்: இஞ்சை ஆறுபேர் வேலை செய்யினம்! ஓடர் போனா அவையளுக்கு உன்ரை லைசென்ஸ் சோறு போடுமோ?

ஜெசிதா: அது... எனக்கும் தெரியேல்லை. பயமாத்தான் கிடக்கு. ஆனா கையெழுத்து வைக்கமாட்டன்.

எமில்ராஜ்: வைக்காதை! நேற்றே நான் உன்ரை கையெழுத்தைப் போட்டு மெயிலிலை அனுப்பிப்போட்டன்! இப்ப ஒறிஜினல் கேக்கிறாங்கள், அதுதான்...

ஜெசிதா: தெரியும். கொம்பனிக்காரர் நன்றி சொல்லி எனக்கும் மெயில் போட்டவை.

எமில்ராஜ்: தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நேரம்...? என்ன செய்து வைச்சிருக்கிறாய்? சொல்லு!

ஜெசிதா: நேற்றுப் பின்னேரம் கோடிங் முழுக்கப் பிலிப்பரின்ரை மகளிட்டைக் குடுத்திட்டன். இனி அவள் விரும்பின ஆருக்கும் குடுக்கலாம். பெட்டி ஏன் நிண்டதெண்டும் கண்டுபிடிச்சிட்டாள்... நான் எழுதின இடத்திலை பிழை, அண்ணை. அவர் பிடிபட்ட அண்டைக்கே எனக்குத் தெரியும். பயத்திலை ஒருத்தருக்கும் சொல்லேல்லை.